முன்பின் இட்ட முட்டை, ஒரே நாளில் குஞ்சு

கோழிக்குள் ஒரு முட்டை உருவாகி வெளியே வர 24 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே ஆகும். அதனால் முட்டையிடும் நேரம் நாளுக்கு நாள் பின்னால் தள்ளிப்போகும். இடையில் ஒரு நாள் முட்டையே இல்லாமலும் போகும். நாட்டுக்கோழி ஒன்று பத்துப் பன்னிரண்டு முட்டை சேர்க்க இரண்டு வாரம் பிடிக்கிறது. ஆனால் அது அடைக்கு உட்கார்ந்து 21 நாள் ஆனதும், ஏறக்குறைய ஒரு நாள் இடைவெளிக்குள் எல்லாக் குஞ்சுகளும் ஓட்டை உடைத்து வெளியே வந்துவிடுகின்றன. முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் நடுவில் இருந்த இரண்டு வார வயது வித்தியாசம் குஞ்சுகளிடம் காணப்படுவதில்லை.

வீட்டில் வளர்க்கும் கோழியிடம் இந்தப் புதிர் தெளிவாகத் தெரியாது. அங்கே முட்டைகளை அன்றன்று எடுத்து வைத்து, பிறகு ஒரே நாளில் மொத்தமாக அடை வைக்கிறார்கள். நாள் கணக்கைச் சீராக்குவது மனிதக் கை. யாருடையது என்றே தெரியாமல் கொல்லைப்புறத்தில் வந்து, தானே இடம் பார்த்து உட்காரும் கோழிக்கு அந்த உதவி கிடையாது. இருந்தும் அதன் குஞ்சுகளும் ஒன்றாகவே பொரிகின்றன. அப்படி வந்த கோழியை ஏற்றுக்கொள்ள நினைப்பவர், அதற்கு என்ன தேவை, எது தேவையில்லை என்று அறிய இந்தப் புதிரின் விடையே போதும்.

சென்னையின் பள்ளிக்கரணை இதைப் பேச ஏற்ற இடம். வேளச்சேரி - தாம்பரம் சாலையோரம் அடுக்குமாடிகள் நிறைந்துவிட்டாலும், உள்தெருக்களில் கோழியை மேயவிட்டு வளர்க்கும் வழக்கம் முற்றிலும் போய்விடவில்லை. சீமைக்கருவேலமும் கோரையும் மண்டிய காலிமனைகள், குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்டதால் கட்டிப்போடாமல் திரியும் கோழிகள், கூடையிலிருந்து தப்பியவை என்று, ஒரு கோழி வழிதவறி வர இங்கே காரணங்கள் பல. பக்கத்திலேயே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த, சுமார் 1,248 ஹெக்டேர் பரப்புள்ள ஈரநிலம். அதனால் முதலில் பார்க்க வேண்டியது, தோட்டத்துப் புதரில் முட்டையோடு இருப்பது உண்மையிலேயே கோழிதானா என்பதை. முகமும் மார்பும் வெள்ளையாக, முதுகு கருத்து, நீண்ட காலோடு இருந்தால் அது கானாங்கோழி. பெயரில்தான் கோழி; கொக்கு, நாரைகளோடு நீர்நிலைகளில் திரியும் வேறொரு குடும்பத்துப் பறவை. அதன் முட்டையில் செம்பழுப்புப் புள்ளிகள் இருக்கும். நாட்டுக்கோழி முட்டையில் அத்தகைய திட்டுகள் இருப்பதில்லை. கானாங்கோழியின் கூட்டை அப்படியே விட்டுவிட வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்கும் அதன் முட்டைகளுக்கும் காவல்.

கோழிதான் என்றால், என்ன கோழி என்பதையும் ஓரளவு சொல்லிவிடலாம். கறிக்கடைக்கு வரும் வெள்ளை பிராய்லர் ஐந்தாறு வார வயதிலேயே விற்கப்படுவது; முட்டையிடும் பருவத்துக்கு அது வந்து சேர்வதே இல்லை. நாமக்கல் பண்ணைகளில் ஆண்டுக்கு முந்நூறு முட்டை இடும் இனங்களில், அடைக்கு உட்காரும் இயல்பைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்வு செய்து அகற்றிவிட்டார்கள். ஆகவே கொல்லையில் முட்டைமேல் உட்கார்ந்து, கை நீட்டினால் சிலிர்த்து உறுமும் கோழி பெரும்பாலும் நாட்டுக்கோழி, அல்லது அதன் கலப்பு. தமிழ்நாட்டுக் கோழிகளில் சிறுவிடை அடைகாப்பதற்குப் பேர்பெற்றது. உடல் சிறியது, முட்டையை மிதித்து உடைக்காது.

அக்கம்பக்கத்தில் சேவலே இல்லையே, முட்டை பொரியுமா என்ற சந்தேகம் எழும். பொரியலாம். பெட்டைக்கோழியின் கருக்குழாயில், கருப்பையும் புழையும் சேருமிடத்தில், விந்தணுக்களைத் தேக்கிவைக்கும் நுண்ணிய குழல்கள் உண்டு. அவற்றை விந்துச் சேமிப்புக் குழல்கள் எனலாம். ஒருமுறை சேவலோடு சேர்ந்த கோழி, அங்கிருந்து விந்தணுக்கள் சிறிது சிறிதாக வெளிப்பட, இரண்டு மூன்று வாரம் வரை கருவுள்ள முட்டைகளை இட முடியும். ஒரு முழு ஈட்டு முட்டைக்கு ஏறக்குறைய அந்த அவகாசம் போதுமானது. நாள் செல்லச் செல்ல இருப்பு குறையும் என்பதால், கடைசியாக இட்டவற்றில் கருவில்லாத முட்டை இருக்கும் வாய்ப்பு அதிகம்.

இனிப் புதிருக்கு வரலாம். முட்டை வெளியே வரும்போதே உள்ளே வளர்ச்சி தொடங்கி ஒரு நாள் ஆகியிருக்கும். கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸை ஒட்டியது. ஓடு உருவாகும் நேரமெல்லாம் கருவும் அந்தச் சூட்டில் பிரிந்து பெருகிக்கொண்டிருக்கிறது. புதிதாக இட்ட முட்டையின் மஞ்சள்கருமேல் தெரியும் வெண்ணிறப் புள்ளியில் பல்லாயிரம் உயிரணுக்கள் இருப்பதை 1970களில் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் இயல்-கிலாதியும் கோச்சாவும் படிப்படியாக வரையறுத்தார்கள். இந்தப் புள்ளியைக் கருத்தட்டு என்று சொல்லலாம். முட்டை வெளியே வந்து குளிர்ந்ததும் கருத்தட்டின் வளர்ச்சி நின்றுவிடுகிறது, கரு சாவதில்லை. பத்தாயத்தில் காய்ந்து கிடக்கும் விதைநெல் முதல் மாதம் போட்டதானாலும் மூன்றாம் மாதம் போட்டதானாலும், வயலில் ஈரம் கண்ட பிறகே ஒன்றாக முளைவிடுகிறது. முட்டைகளும் அப்படித்தான் கோழியின் சூட்டுக்காகக் காத்திருக்கின்றன. கோழி முழுநேரமும் உட்காரத் தொடங்கும் நாளே எல்லாக் கருக்களுக்கும் முதல் நாள்.

எந்த வெப்பத்துக்குக் கீழே வளர்ச்சி நிற்கிறது? இந்த எல்லைக்கு வளர்ச்சிச் சுழியம் என்று பெயரிடலாம். 1902இல் அமெரிக்க விலங்கியலாளர் சார்லஸ் லிங்கன் எட்வர்ட்ஸ், முட்டைகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்து, சில நாள் கழித்து உடைத்துக் கருத்தட்டை அளந்தார். 20, 21 டிகிரியை ஒட்டி வளர்ச்சி தொடங்குவதாக அவருக்குப் பட்டது. 1944இல் ஃபங்க், பீலியர் என்ற இருவர் அதே கேள்வியை மீண்டும் சோதித்து, எல்லை 27 டிகிரிக்கு மேலே என்றார்கள். இரு தரப்பின் அளவும் பிழையில்லை என்றே கொள்ள வேண்டும். வெட்டிவிட்டாற்போல ஒரு கோடு அங்கே இல்லை. இருபதுக்குச் சற்று மேலே சில திசுக்கள் மட்டும் மெல்ல விரிகின்றன, உருப்படியான கரு அமைவதில்லை. 27, 28ஐத் தாண்டினால் கரு உருவம் எடுக்கத் தொடங்குகிறது. 35க்கு மேலே போனால்தான் எல்லா உறுப்பும் ஒன்றுக்கொன்று இசைந்து வளர்கின்றன. நடுவில் இருக்கும் அந்த அரைச்சூட்டு மண்டலம்தான் ஆபத்தானது. அங்கே நாள்கணக்கில் கிடக்கும் கரு ஒழுங்கற்று வளர்ந்து இறந்துவிடுகிறது.

குளிர்நாட்டு நூல்களை மட்டும் படித்தவர் கவனிக்காமல் விட்டுவிடக்கூடிய சங்கதி இதிலிருந்து பிறக்கிறது. சென்னையில் சனவரி இரவுகள் 21, 22 டிகிரிக்கு இறங்குகின்றன. முட்டை ஓரளவு நிம்மதியாகக் காத்திருக்கும். மே மாதத்தில் பகல் உச்சம் சராசரியாக 37 டிகிரி. இரவுச் சராசரியும் 27, 28ஐ ஒட்டியே இருக்கும். கத்திரி வெயிலில் பள்ளிக்கரணைத் தோட்டத்தில் இட்ட முதல் முட்டை, கோழி உட்காரும் முன்பே இரண்டு வாரத்தை முழுக்க அந்த அரைச்சூட்டில் கழிக்கிறது. கூடவே ஈரக்காற்று. முட்டை ஓட்டின்மேல் ஈரம் படிந்தால் நுண்ணுயிர்கள் துளைகள் வழியே உள்ளே நுழையும். கரீபியன் கடலில் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவின் காடுகளில், மார்க் குக், ஸ்டீவன் பெய்சிங்கர் முதலானோர் புதிய கோழிமுட்டைகளையே வைத்து இதைச் சோதித்து 2003இல் வெளியிட்டார்கள். அடைகாக்காமல் வெளியில் கிடந்த முட்டைகளில் சில நாள்களிலேயே நுண்ணுயிர்த் தொற்று ஏறியது, பொரிக்கும் திறன் சரிந்தது. வெப்பம் ஒரு கேடு, தொற்று இன்னொரு கேடு, இரண்டும் தனித்தனியே வேலை செய்கின்றன என்பது அவர்கள் கண்டது. கோழி இடையிடையே உட்கார்ந்து எழுந்தாலே ஓடு உலர்ந்து தொற்று மட்டுப்படுகிறது என்று அதே குழு பின்னர் காட்டியது. ஈடு முடியும் தறுவாயில் கோழி கூட்டில் கூடுதல் நேரம் கழிப்பதும் இரவில் அங்கேயே தங்குவதும் இந்த வகையில் பயன் தருவனவே.

கிராமத்து வழக்கங்களில் சில இங்கே நியாயம் பெறுகின்றன. அடை வைக்கச் சேர்க்கும் முட்டையை வீட்டின் குளிர்ந்த மூலையில், அரிசிப் பானையிலோ ஈரமணலில் நிறுத்திய மண்பானையிலோ வைப்பார்கள். ஈரம் ஆவியாகும்போது பானையின் உள்வெப்பம் சில டிகிரி இறங்கும். கோடையில் ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முட்டையை அடைக்கு வைப்பதில்லை என்ற பழக்கமும் சரியே. வேனிலில் கூமுட்டை அதிகம் விழுவதற்குக் கோழியைக் குறை சொல்வது பொருந்தாது.

இட்டுக்கொண்டிருந்த கோழி திடீரென்று உட்காருவது ஏன்? 1930களின் தொடக்கத்தில் ஆஸ்கர் ரிடில், புறாவின் தொண்டைப்பையில் பால் சுரக்கச் செய்யும் பிட்யூட்டரிச் சுரப்பு ஒன்றைப் பிரித்து, அதற்குப் புரோலாக்டின் என்று பெயரிட்டார். 1935இல் அவரும் பேட்ஸும் லாரும் அதைக் கோழிகளுக்கு ஊசியாகச் செலுத்த, அவை அடைகாக்கும் நிலைக்கு மாறின. மனத்தின் மாற்றம் என்று எண்ணப்பட்ட ஒன்று, இரத்தத்தில் ஓடும் ஒரு பொருளின் மாற்றம் என்று தெரிந்தது அப்போதுதான். புரோலாக்டினைச் சுரக்கத் தூண்டும் மூளைச் சமிக்ஞை எது என்பதற்கு மேலும் ஐம்பது ஆண்டு ஆயிற்று. ஸ்காட்லாந்தில் பீட்டர் ஷார்ப் குழுவினர், அடையிலிருந்த குட்டை இனக் கோழிகளுக்கு விஐபி என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு மூளைப் புரதத்தை முடக்கும் எதிர்ப்பொருளைக் கொடுத்தபோது, புரோலாக்டின் சரிந்தது. அவர்கள் அதை 1989இல் வெளியிட்டார்கள்.

இந்தச் சுரப்பை நிலைநிறுத்துவது முட்டையின் தொடுகை. அடைக்கோழியின் வயிற்றடியில் இறகு உதிர்ந்து, தோல் தடித்து, இரத்த ஓட்டம் மிகுந்த வெறுந்தோல் பரப்பு ஒன்று உருவாகிறது. சூடு முட்டைக்குப் போவது அதன் வழியே. முட்டை இருக்கிறது என்ற செய்தி மூளைக்குப் போவதும் அதன் வழியே. வான்கோழிகளில் அந்தப் பகுதியின் நரம்புகளைத் துண்டித்தபோது அடைகாத்தல் சரியாகத் தொடங்கவில்லை. முட்டையை அன்றன்று எடுத்துவிடும் வீட்டில் கோழி அடைக்கு வரத் தாமதமாவதும், யார் கண்ணிலும் படாத புதரில் இடும் கோழி தவறாமல் உட்கார்ந்துவிடுவதும் இதனால்தான். அடை தெளியவைக்க விரும்புவோருக்கும் இதுவே வழி: முட்டையையும் கூட்டையும் அகற்றி, வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் சில நாள் விட்டால் புரோலாக்டின் தானே இறங்கும். மூக்கில் இறகைக் குத்திவிடும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. அது வலியைத் தவிர வேறொன்றும் தருவதாகத் தெரியவில்லை. கைவிட வேண்டிய கொடுமை.

உட்கார்ந்த கோழி தின்பதில்லை என்று கவலைப்படுவோர் பலர். டொராண்டோவில் ஷெர்ரி, ம்ரொசோவ்ஸ்கி, ஹோகன் ஆகியோர் 1980இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அழகான பதில். அடைகாக்கும் செங்காட்டுக்கோழிகள் நாளுக்கு ஒருமுறை, 20 நிமிடம் போல எழுந்துபோய்க் கொஞ்சம் தின்றுவிட்டுத் திரும்பின; எடை நாளுக்கு நாள் குறைந்தது. தீனியைக் கூட்டருகிலேயே வைத்தும் அவை அதிகம் தின்னவில்லை. தீனியை நிறுத்தி எடையை மேலும் குறைத்துவிட்டுப் பிறகு கொடுத்தபோது, பழைய முழு எடைக்கு ஏறவும் இல்லை. அந்த நாளில் இருந்திருக்க வேண்டிய குறைந்த எடைவரைதான் தின்று மீண்டன. உடல் தன் இலக்கைத் தானே தாழ்த்திக்கொண்டுவிட்டது. எனவே வாயைத் திறந்து ஊட்டுவது, கூட்டிலிருந்து தூக்கி வெளியே விடுவது எதுவும் வேண்டாம். கம்பு, குருணை, சுத்தமான தண்ணீர் ஆகியவை நாலைந்து அடி தள்ளி நிழலில் இருந்தால் போதும். அந்த 20 நிமிடத்தில் முட்டை கெட்டுவிடாது. கருவுக்குச் சற்றுக் குளிர்வதைவிட அதிகமாகச் சூடாவதே பெரிய கேடு, 37.5 டிகிரி ஏற்ற வெப்பம், 40க்கு மேல் நீடித்தால் உயிர்போகும். நேர்வெயில் விழும் மொட்டைமாடிப் படியடியிலோ தகரக்கொட்டகையிலோ கூடு இருந்தால் நிழல் கட்டுவதுதான் முதல் உதவி. கோழிக்கு மேலே விளக்கு போட்டுச் சூடு கொடுப்பது சென்னையில் அறவே கூடாது.

கோழி முட்டைகளைக் காலாலும் அலகாலும் அடிக்கடி புரட்டுவது, கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கவும், வெள்ளைக்கருவின் சத்து சரியாக உறிஞ்சப்படவும். ஓட்டில் சுமார் 10,000 துளைகள் இருக்கின்றன. அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஹெர்மன் ரானும் ஆமோஸ் ஆரும் 1970களில் முட்டைகளை நாள்தோறும் எடைபோட்டு, அடைக்காலத்தில் எடையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு நீராவியாக இத்துளைகள் வழியே போய்விடுவதைக் கணக்கிட்டார்கள். போன நீருக்கு ஈடாக முட்டையின் அகன்ற முனையில் காற்றறை விரிகிறது. பிறக்கப்போகும் குஞ்சின் முதல் மூச்சு அந்த அறையில்தான். துளைகள் வழியே நுண்ணுயிர் நுழையும் என்பதால் முட்டையைக் கழுவி ஈரத்தோடு வைப்பதைத் தவிர்க்க வேண்டும்.

பத்தொன்பது, இருபதாம் நாளில் குஞ்சு காற்றறைக்குள் அலகை நீட்டி நுரையீரலால் மூச்சுவிடத் தொடங்கியதும், ஓட்டுக்குள்ளிருந்தே கீச்சிடுகிறது. கேம்பிரிட்ஜில் மார்கரெட் வின்ஸ் 1960களில், காடை முட்டைகளை ஒன்றோடொன்று தொடும்படியும் தனித்தனியாகவும் வைத்துப் பார்த்தார். தொட்டிருந்தவை சில மணி நேரத்துக்குள் சேர்ந்து பொரிந்தன. பிரித்தவை நெடுநேரம் முன்பின்னாகப் பொரிந்தன. மூச்சோடு எழும் ஒருவகைச் சொடுக்கொலி பக்கத்து முட்டைக்குச் செய்தியாகிறது என்று கண்டு, அதே வேகத்தில் செயற்கை ஒலியைக் கொடுத்தபோது பின்தங்கிய கருக்கள் முந்திக்கொண்டன. கோழியில் இந்த விளைவு காடையைவிடக் குறைவு, ஆனாலும் உண்டு. அரைச்சூட்டில் முன்னோடிவிட்ட முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் இருக்கும் சில மணி நேர வேறுபாட்டில் ஒரு பகுதி இப்படிச் சரியாகிறது. மீதியைத் தாங்குவது மஞ்சள்கரு. பொரியும் முன் குஞ்சு எஞ்சிய மஞ்சள்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது; இரண்டு நாளுக்கு அதற்குத் தீனி வேண்டாம். முதல் குஞ்சு பசியால் அலறாததால் தாய் ஓரிரு நாள் கூட்டிலேயே பொறுத்திருக்கிறது. அதற்குப் பிறகும் பொரியாததை விட்டுவிட்டு எழுந்துவிடும்.

கோழியை ஏற்பதற்கு முன் தெருவில் கேட்டுப் பார்ப்பது முறை. அடைக்கு ஒளிந்த கோழியைத் தேடிக்கொண்டிருக்கும் வீடு நாலு தெரு தள்ளி இருக்கலாம். கூடு பாதுகாப்பான இடத்தில் இருந்தால் இடம் மாற்றாமல், கீரி, பெருச்சாளி, பூனை, நாய் நுழையாதபடி சுற்றிலும் நெருக்கமான கம்பிவலை அடித்து இரவில் மூடிவிட்டால் போதும். வடகிழக்குப் பருவமழையில் பள்ளிக்கரணையின் தாழ்வான மனைகளில் தண்ணீர் ஏறும். அப்போது மாற்றியே ஆக வேண்டும். கோழிக்கு இருட்டில் பார்வை மிகக் குறைவு என்பதால் இரவில், மணலும் வைக்கோலும் பரப்பிய கூடையில் முட்டைகளோடு சேர்த்து மாற்றி, ஒரு நாள் மூடி வைத்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். கூடையில் இரும்புத்துண்டும் கரியும் வரமிளகாயும் போடுவது இடியிலிருந்து காக்கும் என்பது நம்பிக்கை. வேப்பிலையும் சாம்பலும் போட்டால் செள்ளும் பேனும் குறைய வாய்ப்புண்டு.

உட்கார்ந்து எத்தனை நாள் என்று தெரியாதபோது, இரவில் முட்டையின் அகன்ற முனையில் கைவிளக்கை வைத்துப் பார்க்கலாம். ஒரு வாரம் ஆனதில் நடுப்புள்ளியிலிருந்து கிளைவிடும் இரத்தநாளங்கள் தெரியும். கருவில்லாதது முழுக்கத் தெளிவாக இருக்கும். இறந்ததில் இரத்தக் கோடு வளையமாக நிற்கும். கடைசி நாள்களில் காற்றறை தவிர எல்லாம் கருத்துவிடும். நாற்றமடிக்கும் முட்டையை உடனே எடுத்துவிட வேண்டும், வெயிலில் வெடித்து மற்றவற்றையும் கெடுக்கும். பதினெட்டாம் நாளுக்குப் பின் கை வைக்கக்கூடாது.

வீட்டில் ஏற்கெனவே கோழி இருந்தால் புதியதைக் குறைந்தது மூன்று வாரமாவது தள்ளி வைப்பது அவசியம். காரணம் வெள்ளைக்கழிச்சல். 1920களின் பிற்பகுதியில் இமயமலை ஊரான ராணிக்கேத்தில் அடையாளம் காணப்பட்டதால் அவ்வூரின் பெயராலும் வழங்கும் இந்த வைரஸ் நோய், தடுப்பூசி போடாத மந்தையை ஒரே வாரத்தில் காலிசெய்துவிடும். தமிழ்நாட்டில் 1932 முதல் இயங்கும் இராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இதற்கான தடுப்பு மருந்தைத் தயாரிக்கிறது. குஞ்சுகளுக்கு ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் ஊசி என்பது வழக்கமான முறை. அரசு கால்நடை மருந்தகங்களில் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். சதுப்புநிலப் பக்கம் கொசு மிகுதி என்பதால் கோழி அம்மைக்கும் கவனம் வேண்டும். அதைக் கொசு பரப்புகிறது. கோழியையும் கூட்டையும் தொட்டபின் சோப்பு போட்டுக் கைகழுவுவது வீட்டாருக்கான பாதுகாப்பு.

பொரிந்தபின் குஞ்சுகளுக்கு முதல் வாரம் 35 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். அதைத் தாயே தரும். ஆழமில்லாத தட்டில் தண்ணீர், பொடித்த குருணை, காகம் நுழையாத வலை ஆகியவை போதுமானவை. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தாய் குஞ்சுகளைக் கொத்தி விலக்கத் தொடங்கும். புரோலாக்டின் இறங்கி, கொண்டை மறுபடி சிவந்து, அடுத்த ஈட்டுக்கான முதல் முட்டை விழும்.